ஹமார்த்தியா: ஒரு சொல் பாவமான கதை

அவல நாடகத்தைப் பாடமாகப் பயிலும் மாணவர் முதலில் மனனம் செய்வது ஒரு சொற்பட்டியல். ஹமார்த்தியா, ஹூப்ரிஸ், பெரிபெட்டெயா, அனக்னோரிசிஸ், கதார்சிஸ் என்று அது நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம் உண்டு. ஹமார்த்தியா என்பது நாயகனின் குணக்குறை. ஹூப்ரிஸ் என்பது ஆணவம். ஈடிபஸின் குணக்குறை ஆணவம். அதனால் அவன் வீழ்ந்தான். அவ்வீழ்ச்சியைக் கண்டு நம் உள்ளம் தூய்மை பெற்றது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இது போதும். துணைநூல்கள் இவ்விளக்கத்தை அச்சு மாறாமல் வழங்கி வருகின்றன. இணையத்தில் தேடினாலும் பெரும்பாலும் இதுவே முதலில் கிட்டுகிறது.

இச்சங்கிலியின் கண்ணிகளுள் உறுதியானது ஒன்றுகூட இல்லை. அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலில் ஹமார்த்தியா என்ற சொல்லுக்குக் குணக்குறை என்று பொருள் கொண்டால் அவருடைய வாதமே குலைந்துபோகும். ஹூப்ரிஸ் என்பதை அவர் அவல நாடகத்தின் உறுப்பாக எங்கும் சொல்லவில்லை. கதார்சிஸ் என்ற சொல்லை அவல நாடகத்தின் பயனாக ஒரே ஓரிடத்தில் சொல்லிவிட்டு விளக்காமல் நகர்ந்துவிடுகிறார். ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கைமாறி வந்த சொற்கள் இவை. வந்த வழியெல்லாம் புழுதி படிந்திருக்கிறது. இது அகராதிக்காரர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. துன்புறுவோன் ஒருவனைக் கண்டவுடன் இவன் செய்த குற்றம் யாது என்று தேடும் பழக்கத்தை வகுப்பறையில் நாமே கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை.

கிரேக்கர் இந்நாடகத்தை 'திராகோடியா' என்றனர். ஆடு என்னும் பொருளுடைய சொல்லும் பாட்டு என்னும் பொருளுடைய சொல்லும் கூடிப் பிறந்தது அது. 'ஆட்டுப்பாட்டு' என்ற பெயர் எவ்வாறு வந்தது என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. ஆடு பரிசாக அளிக்கப்பட்டது என்பர் சிலர். பலியிடப்பட்ட ஆட்டைச் சுற்றிப் பாடிய பாட்டு என்பர் வேறு சிலர். ஏதென்ஸ் நகரில் டயோனிசஸ் கடவுளுக்கு எடுத்த வசந்தகால விழாவில் மூன்று நாடகாசிரியர்கள் போட்டியிடுவர். ஒவ்வொருவரும் மூன்று அவல நாடகங்களையும் ஒரு சத்தீர் கூத்தையும் நிகழ்த்த வேண்டும். தொடக்கத்தில் பாடற்குழுவும் ஒரே ஒரு நடிகனும் மட்டுமே இருந்தனர். இரண்டாம் நடிகனைக் கொண்டுவந்தவர் எஸ்கிலஸ். மூன்றாம் நடிகனைக் கொண்டுவந்தவர் சோபோக்ளிஸ். இச்செய்தியை நமக்குத் தருபவர் அரிஸ்டாட்டிலே.

அந்த அரங்கில் நிகழ்ந்த ஒன்றை ஹெரோடோட்டஸ் பதிந்து வைத்திருக்கிறார். கி.மு. 494இல் ஏதென்ஸ் மக்களின் உறவு நகரமான மிலேட்டஸைப் பாரசீகர் அழித்தனர். பிரைனிக்கஸ் என்ற நாடகாசிரியர் அவ்வழிவையே நாடகமாக்கி மேடையேற்றினார். அரங்கமே கண்ணீர் விட்டது. மக்கள் அவருக்குப் பரிசு தரவில்லை. ஆயிரம் டிராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கக்கூடாது என்று தடையும் இட்டனர். அவர் செய்த குற்றம், மக்களுக்கு அவர்தம் சொந்தத் துயரை நினைவூட்டியது. கி.மு. 472இல் எஸ்கிலஸ் 'பாரசீகர்' என்ற நாடகத்தை அரங்கேற்றியபோது அழுகுரலைப் பகைவனின் அரண்மனைக்கு மாற்றினார், பரிசும் பெற்றார். அழுகை எவருடையதாக இருக்கலாம், எவ்வளவு தொலைவிலிருந்து கேட்கலாம் என்பதை இலக்கண நூல் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அரங்கம் முடிவு செய்துகொண்டது. இது மீண்டும் நமக்குப் பயன்படும்.

அரிஸ்டாட்டில் பிறந்தது கி.மு. 384இல். யூரிப்பிடிஸும் சோபோக்ளிசும் மறைந்து அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. ஆகவே கவிதையியல், படைத்தவர்கள் சென்றபின் வந்த இலக்கணம். அது செப்பனிட்டு வெளியிடப்பட்ட நூலாகவும் தெரியவில்லை. பாடம் நடத்தக் குறித்துக்கொண்ட குறிப்புகளின் சாயலே மிகுதி. சுருக்கம், திடீர்த் தாவல், விளக்கமின்றி விட்ட சொற்கள் ஆகியவற்றுக்கு இதுவே காரணம் எனலாம். ஆசிரியரின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அவர் வகுப்பில் வாய்மொழியாகச் சொன்னதை ஊகித்தறியும் நிலையில் நாம் இருக்கிறோம்.

அந்நூலின் ஆறாம் இயல் அவல நாடகத்துக்கு ஆறு உறுப்புகளை வகுக்கிறது. கதைப்பின்னல், பாத்திரக் குணம், சிந்தனை, சொல்நடை, இசை, காட்சி என்பன அவை. இவற்றுள் கதைப்பின்னலே உயிர் போன்றது என்றும், குணம் அதற்கு அடுத்த நிலையினது என்றும் அவர் தெளிவாகச் சொல்கிறார். செயல் இன்றி அவல நாடகம் இல்லை. குணச்சித்திரம் இல்லாமல் இருக்கலாம் என்று கூறும் அளவுக்குச் செல்கிறார். நாவலும் திரைப்படமும் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் அவருடைய கலைச்சொற்களைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல். பெரிபெட்டெயா, அனக்னோரிசிஸ், பாதோஸ் என்னும் மூன்றும் கதைப்பின்னலின் உறுப்புகள். முதலாவது, செயல் தான் நோக்கிய திசைக்கு நேர்மாறாகத் திரும்புதல். இரண்டாவது, அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறுதல். மூன்றாவது, இறப்பு, காயம் போன்ற துயர் நிகழ்வு. இவற்றுள் எதுவும் ஆளின் குணத்தைப் பற்றிப் பேசவில்லை.

பெரிபெட்டெயாவுக்கு அவர் தரும் சான்று ஈடிபஸ் நாடகத்தின் தூதுவன் காட்சி. கொரிந்து நகரிலிருந்து முதியவன் ஒருவன் நற்செய்தி கொண்டு வருகிறான். தாயை மணக்க நேருமோ என்று ஈடிபஸ் அஞ்சுவதைக் கண்டு அவ்வச்சத்தைப் போக்க விரும்பி, நீ அவர்கள் பெற்ற பிள்ளை அல்லன் என்ற உண்மையைச் சொல்கிறான். ஆறுதலுக்காகச் சொன்ன அச்சொல்லே எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறது. தூதுவனிடம் தீய எண்ணம் ஏதும் இல்லை, கேட்டவனிடமும் இல்லை. நல்லெண்ணம் கொண்ட இருவர் உரையாடுகையில் ஒரு வாழ்வு சரிகிறது. தலைகீழ் மாற்றமும் கண்டறிதலும் ஒரே நொடியில் நிகழும் இவ்வமைப்பைத்தான் அரிஸ்டாட்டில் சிறந்ததெனக் கொண்டார்.

ஹமார்த்தியா வருவது பதின்மூன்றாம் இயலில். அவல நாடகத்தில் எத்தகையவன் வீழ வேண்டும் என்று அங்கே ஆராய்கிறார். முழு நல்லவன் இன்பத்திலிருந்து துன்பத்துக்கு வீழ்வது அருவருப்பைத் தரும். தீயவன் துன்பத்திலிருந்து இன்பத்துக்கு உயர்வது அவல உணர்வுக்கே எதிரானது. கொடியவன் வீழ்வது நமக்கு நிறைவு தரலாம், ஆனால் இரக்கமும் அச்சமும் தராது. ஏனெனில் இரக்கம் என்பது தகாத துன்பம் அடைந்தவன்பால் எழுவது. அச்சம் என்பது நம்மைப் போன்ற ஒருவனுக்கு நேர்வதைக் கண்டு எழுவது. எஞ்சுபவன் இடைப்பட்டவன். அறத்தில் தலைசிறந்தவனும் அல்லன். தீக்குணத்தாலோ கயமையாலோ வீழ்பவனும் அல்லன். ஏதோ ஒரு ஹமார்த்தியாவால் வீழ்பவன். சில வரிகள் கழித்து, கயமையால் அன்று, பெரியதொரு ஹமார்த்தியாவால் என்று மீண்டும் வற்புறுத்துகிறார்.

இந்த வரிசையைக் கவனித்துப் படித்தாலே போதும். தீக்குணம் என்பதற்கு எதிராக நிறுத்தப்பட்ட சொல் ஹமார்த்தியா. அதற்கே குணத்தின் தீமை என்று பொருள் சொன்னால் வாக்கியம் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும். இரக்கத்துக்கு அவர் தந்த வரையறையும் தகர்ந்துபோகும். நாயகன் தன் குறைக்குத் தக்க தண்டனை பெற்றான் என்றால் அது தகாத துன்பம் ஆகாது. தகாத துன்பம் ஆகாவிடில் இரக்கத்துக்கு இடமில்லை.

அச்சொல்லின் வேர் 'ஹமார்த்தனேன்' என்னும் வினை. ஹோமரின் காப்பியத்தில் எறிந்த வேல் இலக்கைத் தவறவிடும்போதெல்லாம் இவ்வினை வருகிறது. குறி தப்புதல் என்பதே அதன் முதற்பொருள். கவிதையியலின் இருபத்தைந்தாம் இயலில், கவிஞர்கள் செய்யும் தவறுகளுக்கும் அரிஸ்டாட்டில் இதே சொல்லை ஆள்கிறார். பெண்மானுக்குக் கொம்பில்லை என்பதை அறியாமல் ஒருவன் கொம்புடன் வரைந்துவிட்டால் அது ஒரு ஹமார்த்தியா; அதுவும் சிறிய வகையினது. மானுக்குக் கொம்பு வைத்தவனைப் பாவி என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஐந்தாம் பகுதியில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மை பெறுகிறது. ஒருவன் பிறனுக்குத் தீங்கு விளைவிக்கும்போது, அது எதிர்பார்க்கவே முடியாத வகையில் நேர்ந்திருந்தால் விபத்து; எதிர்பார்த்திருக்கக் கூடியது, ஆனால் தீய நோக்கமின்றி நேர்ந்தது என்றால் பிழை; அறிந்தே செய்தால் அநீதி. நடுவில் உள்ளதற்கு அவர் தரும் பெயர் ஹமார்த்தியாவின் உடன்பிறப்பான 'ஹமார்த்தேமா'. பேச்சுக்கலை பற்றிய நூலில், பிழையையும் அநீதியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நேர்மையன்று என்றும் கூறுகிறார். அன்றைய ஏதென்ஸ் மக்களுக்கு இது புதிய தத்துவம் அன்று. டிராக்கோ வகுத்த கொலைச் சட்டம் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறிந்து கொன்றதையும் அறியாமல் கொன்றதையும் பிரித்தது. கி.மு. 409ஆம் ஆண்டளவில் அச்சட்டத்தை மீண்டும் கல்லில் வெட்டி நிறுத்தினர். சோபோக்ளிஸ் அப்போது உயிருடன் இருந்தார்.

ஈடிபஸை இவ்வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொரிந்து அரசனையும் அரசியையும் தன் பெற்றோர் என நம்புகிறான். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று டெல்பியில் கேட்டதும், அத்தீங்கு நேராதிருக்க அந்நகருக்கே திரும்பாமல் விலகிச் செல்கிறான். விலகிச் சென்ற வழியில்தான் முச்சந்தி வருகிறது. தேரில் வந்த முதியவன் தாக்குகிறான். இவன் திருப்பித் தாக்குகிறான். அவன் எய்த அம்பு தீமையைத் தவிர்ப்பதற்காக எய்தது. குறி தப்பியது. அவன் முன்கோபியா என்றால் ஆம், முன்கோபிதான். டைரீசியஸிடமும் கிரெயோனிடமும் அவன் பேசுவதைக் கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் அக்கோபங்கள் எழுவதற்கு ஆண்டுகள் பல முன்பே தந்தை இறந்து, தாய் மனைவியாகிவிட்டாள். மேடையில் காணும் குணத்தை மேடைக்கு முன் நிகழ்ந்த செயலுக்குக் காரணமாக்குவது காலக்கணக்கிலேயே பொருந்தவில்லை.

ஹமார்த்தியாவைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்ற வினா இங்கே எழுகிறது. குறை, குற்றம், வழு, தவறு என்று பலவும் எழுதப்படுகின்றன. பிழை என்ற சொல்லே மிகப் பொருந்துவது என்று கருதுகிறேன். அது நெருங்கிய பொருளுடைய சொல் என்பதற்காக மட்டும் அன்று. இரண்டு சொற்களும் ஒரே போர்க்களத்தில் பிறந்தவை. பழந்தமிழில் பிழைத்தல் என்பது இலக்குத் தவறுதல். படைச்செருக்கு அதிகாரத்தின் 772ஆம் குறளில், யானையைத் தவறவிட்ட வேலைக் குறிக்க வள்ளுவர் கையாளும் வினை இதுவே. அக்குறள் அந்த வேலை இகழவில்லை என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். எளிய இலக்கைத் தைத்த அம்பைவிட, பெரிய இலக்கை நோக்கிப் பிழைத்த வேல் மேலானது என்கிறது. ஹோமரின் வேலும் வள்ளுவரின் வேலும் இவ்வளவு அருகருகே விழுந்திருக்க, நாம் குணக்குறை என்ற ஒட்டுச்சொல்லை இறக்குமதி செய்துகொண்டிருக்கிறோம். (பிழைத்தல் என்பதற்கு இன்று உயிர் தப்புதல் என்பதே முதற்பொருளாகிவிட்டது. வேலுக்குத் தவறியது யானைக்குத் தப்பியது. மொழி யானையின் பக்கம் சாய்ந்துவிட்டது போலும்.)

சிலப்பதிகாரத்துக்கு இக்கலைச்சொற்களைப் பொருத்தும் கட்டுரைகள் நிரம்ப உள்ளன. மாதவிபால் சென்றதே கோவலனின் ஹமார்த்தியா என்று அவை பெரும்பாலும் முடிகின்றன. அது அறிந்தே செய்த ஒழுக்கக்கேடு, பிழை அன்று. தவிரவும், கோவலன் கொலையுண்டதற்குக் காப்பியமே முற்பிறப்பு வினையைக் காரணம் காட்டுகிறது. அது வேறொரு கட்டுமானம். அரிஸ்டாட்டிலின் சொற்கள் அக்காப்பியத்தில் எவருக்கேனும் பொருந்துமென்றால் பாண்டியனுக்குப் பொருந்தும். ஆராயாது தீர்ப்பளித்த பிழை, சிலம்பின் பரல் தெறித்தபோது கண்டறிதல், அந்நொடியிலேயே வீழ்ச்சி எல்லாம் ஒரே காட்சியில் அமைந்துள்ளன.

இனி, பிழை எவ்வாறு பாவமாயிற்று என்று பார்ப்போம். முதல் திருப்பம் நாடகத்தோடு தொடர்பில்லாதது. எபிரேய மறைநூலைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் கடவுளுக்கு எதிரான குற்றத்துக்கு ஹமார்த்தியா என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தனர். புதிய ஏற்பாடும் அதே சொல்லை ஆண்டது. தமிழ் விவிலியம் அதைப் பாவம் என்று பெயர்க்கிறது. கிறித்தவ ஐரோப்பாவில் கிரேக்கம் பயின்ற எவருக்கும் ஹமார்த்தியா என்றவுடன் செவியில் விழுந்த முதற்பொருள் பாவமாகவே இருந்திருக்கும்.

கவிதையியலும் அக்காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் வழக்கொழிந்து கிடந்தது. அது சிரியாக் மொழி வழியாக அரபுக்குச் சென்றது. பத்தாம் நூற்றாண்டில் அபு பிஷ்ர் மத்தா அதை அரபில் பெயர்த்தார். நாடக அரங்கே இல்லாத சூழலில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இப்னு ருஷ்து அந்நூலுக்கு உரை எழுதியபோது, அவல நாடகத்தைப் புகழ்ச்சிக் கவிதை என்றும் இன்பியல் நாடகத்தை வசைக் கவிதை என்றும் கொண்டார். அரங்கைக் காணாத பேரறிஞர் ஒருவர் அச்சொற்களோடு போராடும் அந்நிலையை வைத்துப் போர்ஹெஸ் ஒரு சிறுகதையே எழுதியிருக்கிறார். இவ்வுரை 1256இல் லத்தீனுக்குச் சென்றது. கிரேக்க மூலத்திலிருந்து நேராகச் செய்த 1278ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பைவிட இந்த உரைக்கே இடைக்காலத்தில் செல்வாக்கு மிகுந்திருந்தது. அவல நாடகம் என்பது நல்லோரைப் புகழ்ந்து தீயோரைத் தவிர்க்கச் செய்யும் அறவுரை என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது. 1508இல் வெனிசில் கிரேக்க மூலம் அச்சேறியது, உரைகள் பெருகின. கால ஒருமை, இட ஒருமை என்று நாடகாசிரியர்களை நெடுங்காலம் வாட்டிய விதிகளை அரிஸ்டாட்டிலின் பெயரால் 1570இல் வகுத்தவர் காஸ்தல்வெத்ரோ. மூலத்தில் இட ஒருமை இல்லை. காலம் குறித்து, கதிரவனின் ஒரு சுற்றுக்குள் அடங்க முயல்கிறது என்ற அளவில் ஒரு குறிப்பு மட்டுமே உண்டு.

பாவம் உண்டெனில் தண்டனை அளவாக இருக்க வேண்டும் அல்லவா? 1678இல் தாமஸ் ரைமர் என்ற ஆங்கிலேயத் திறனாய்வாளர் 'கவிதை நீதி' என்ற தொடரை வழங்கினார். நாடகத்தில் நல்லோர் வாழவும் தீயோர் வீழவும் வேண்டும் என்பது அதன் உட்கிடை. இவர்தாம் 1693இல் வெளிவந்த நூலில், மனைவியர் தம் கைக்குட்டைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே ஒத்தெல்லோ தரும் நீதி என்று எள்ளி நகையாடியவர். எள்ளல் ஒருபுறம் இருக்க, அந்நோக்கு மேடையையே மாற்றியது. 1681இல் நேஹம் டேட் என்பவர் லியர் மன்னனைத் திருத்தி எழுதினார். அதில் கார்டீலியா சாகவில்லை, எட்கரை மணக்கிறாள், லியர் அரசைத் திரும்பப் பெறுகிறார். சாமுவேல் ஜான்சன் போன்ற பெரும் திறனாய்வாளரும் இம்முடிவை ஆதரித்தார். கார்டீலியாவின் சாவு தமக்கு அளித்த அதிர்ச்சியால், பதிப்பாசிரியராகும் வரை அவ்விறுதிக் காட்சிகளை மீண்டும் படிக்கத் தமக்கு மனம் வரவில்லை என்று அவர் எழுதியிருப்பது உள்ளத்தைத் தொடுவது. லண்டன் மேடையில் 1838இல் மெக்ரெடி ஷேக்ஸ்பியரின் பாடத்தைப் பெருமளவு மீட்கும்வரை, டேட்டின் திருத்தமே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கோலோச்சியது. ஒரு கலைச்சொல்லின் பொருள் திரிந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிழையற்றவள் சாவதைத் தாங்க மாட்டாத இலக்கணம் அவளை உயிர்ப்பித்துத் திருமணமும் செய்து வைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவனம் முழுதும் பாத்திரத்தின் அகத்தின்மேல் குவிந்தது. 1895இல் வெளிவந்து நெடுங்காலம் ஆங்கில வழி மாணவர்க்குக் கைநூலாக விளங்கிய புட்சரின் மொழிபெயர்ப்பு, ஹமார்த்தியாவைப் பிழை என்றும் பலவீனம் என்றும் ஒரே தொடரில் இணைத்துத் தந்தது. புட்சர் எச்சரிக்கையுடன்தான் எழுதினார். படித்தவர்கள் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். 1904இல் பிராட்லி ஷேக்ஸ்பியரின் நாயகர்களிடம் ஆட்சி செய்யும் ஒற்றைப் பண்பைச் சுட்டினார். மேக்பெத்தின் பேராசைக்குப் பொருந்திய அவ்வணுகுமுறையைப் பாடநூல்கள் பின்னோக்கி எடுத்துச் சென்று ஈடிபஸின் தலையில் கட்டின.

ஹூப்ரிஸின் கதை இதற்கு இளைய தம்பி. ஏதென்ஸில் அது சட்டம் தண்டித்த ஒரு குற்றத்தின் பெயர். பிறனை இழிவுபடுத்தி அதில் இன்பம் காண்பது என்று அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை நூலில் வரையறுக்கிறார். கி.மு. 348ஆம் ஆண்டளவில், டயோனிசஸ் விழாவில், அரங்கிலேயே, பாடற்குழுவின் புரவலராக நின்ற டெமாஸ்தனிஸின் முகத்தில் மெய்டியாஸ் என்பவன் அறைந்தான். டெமாஸ்தனிஸ் தம் வழக்குரையில் அதனை ஹூப்ரிஸ் என்கிறார். கடவுளரை மிஞ்ச நினைக்கும் செருக்கு என்ற இன்றைய பொருளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மண்ணில் கால் பதித்த சொல் என்பது விளங்கும். ஈடிபஸ் நாடகத்தின் நடுவில் பாடற்குழு ஹூப்ரிஸைப் பழித்துப் பாடுவது உண்மை. அப்பாடலிலிருந்து நாயகனின் குணக்குறையைப் பிழிந்தெடுப்பவர்கள், அது குழப்பத்தில் தவிக்கும் முதியோரின் குரல் என்பதை மறந்துவிடுகின்றனர்.

கதார்சிஸ் பற்றி எழுதப்பட்டவற்றை மட்டும் அடுக்கினால் ஒரு நூலகம் நிரம்பும். 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில் இசையைப் பற்றிப் பேசுகையில், இச்சொல்லைக் கவிதை பற்றிய நூலில் தெளிவாக விளக்குவேன் என்று அரிஸ்டாட்டில் வாக்களிக்கிறார். நமக்குக் கிடைத்த பகுதியில் அவ்விளக்கம் இல்லை. லெஸ்ஸிங் 1767 முதல் எழுதிய நாடகக் கட்டுரைகளில் உணர்ச்சிகள் நற்பண்புகளாக மாறுவதே அது என்றார். 1857இல் யாக்கோப் பெர்னேஸ் இதை மறுத்து, அது மருத்துவச் சொல், உடலில் தேங்கியதை வெளியேற்றும் பேதி போன்றது என்றார். அவருடைய அண்ணன் தம்பிகளுள் ஒருவரின் மகள் மார்த்தாவைத்தான் ஃபிராய்டு மணந்தார். 1895இல் புராயரும் ஃபிராய்டும் வெளியிட்ட ஆய்வில் நோயாளியின் மனச்சுமையை இறக்கும் முறைக்கு இட்ட பெயரும் கதார்சிஸ். இந்த உறவுமுறைத் தற்செயலை அரிஸ்டாட்டில் ரசித்திருப்பார்.

இச்சிக்கலில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குக் கைகொடுக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் அச்சமும் தனித்தனியே உள்ளன. அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. பாவம் அப்பட்டியலில் இல்லை. இதற்கு உரை எழுதிய பேராசிரியர், அழுகையைத் தானே அவலித்தல் என்றும் பிறர் அவலம் கண்டு அவலித்தல் என்றும் இரண்டாகப் பகுத்து, ஒன்றைக் கருணை என்றும் ஒன்றை அவலம் என்றும் வழங்குவதுண்டு என்கிறார். பிரைனிக்கஸுக்குத் தண்டம் விதித்த மக்கள் முதல்வகை அழுகைக்குத் தள்ளப்பட்டவர்கள். எஸ்கிலஸுக்குப் பரிசளித்தபோது அவர்கள் அழுதது இரண்டாம் வகை. அரிஸ்டாட்டில் இரக்கம் என்ற ஒரே சொல்லில் சுருக்கியதற்குள் இருந்த மடிப்பைப் பேராசிரியரின் பகுப்பு விரித்துக் காட்டுகிறது. திறனாய்வுக் கட்டுரைகளில் மேற்கத்தியச் சொற்களை முதலில் நிறுத்தி, மெய்ப்பாட்டை அடிக்குறிப்பில் ஒடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க அறிஞர்களே இத்திரிபைக் களையத் தொடங்கினர். 1957இல் ஜெரால்டு எல்ஸ், ஹமார்த்தியா என்பது உறவினரை இன்னார் என்று அறியாத பிழை என்று வாதிட்டார். சிலர் அவ்வளவு குறுக்க வேண்டியதில்லை, ஒழுக்கச் சாயலுள்ள தவறுகளும் அதில் அடங்கும் என்றனர். அந்த எல்லைத் தகராறு இன்றும் தீரவில்லை. 1966இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் டாட்ஸ் எழுதிய கட்டுரை ஆசிரியர்கள் அனைவரும் படிக்க வேண்டியது. ஈடிபஸ் பற்றித் தாம் கேட்ட வினாவுக்குத் தேர்வர்கள் எழுதிய விடைகளிலிருந்தே அக்கட்டுரை தொடங்குகிறது. ஈடிபஸ் தீயவன், ஆகவே தண்டனை பெற்றான் என்பது ஒருசாரார் விடை. அவன் விதியின் கைப்பாவை என்பது இன்னொரு சாரார் விடை. டாட்ஸ் இரண்டையும் மறுக்கிறார். உண்மை தன்னை அழிக்கும் என்று தெரியத் தெரிய விசாரணையை நிறுத்தாதது அவன் தானே விரும்பிச் செய்தது என்கிறார்.

இவ்வளவு பேரும் வாதிட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவனின் வாக்குமூலம் ஒன்று உண்டு. சோபோக்ளிஸ் தம் முதுமையின் இறுதியில் எழுதிய 'கொலோனஸில் ஈடிபஸ்', அவர் மறைந்தபின், கி.மு. 401இல் மேடையேறியது. கண்ணிழந்து, மகளின் கைபிடித்து, ஊர் ஊராக அலைந்து ஏதென்ஸின் எல்லைக்கு வருகிறான் ஈடிபஸ். கிரெயோன் எல்லார் முன்னிலையிலும் பழைய கறைகளைச் சொல்லி இகழும்போது அவன் திருப்பிக் கேட்கிறான். ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால், முதலில் நீ என் தந்தையா என்று விசாரிப்பாயா, அல்லது அவனைத் தடுப்பாயா? அறியாமல் செய்ததை எனக்குக் குற்றமாக ஏற்றலாமா? முதல் நாடகத்தில் தன் கண்களைத் தானே குத்திக்கொண்டவன், பிழைக்கும் அநீதிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தானே வழக்குரைக்கிறான். அரிஸ்டாட்டில் பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன் அந்த அரங்கம் அதைக் கேட்டது.

அவ்வழக்காடலுக்கு முன்னமே ஏதென்ஸின் மன்னன் தீசியஸ் வந்துவிடுகிறான். எதிரே நிற்பவன் யார், அவன் வரலாறு என்ன என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். குருடனின் கந்தலையும் சிதைந்த முகத்தையும் பார்க்கிறான். தானும் அயலூரில் அகதியாக வளர்ந்தவனே என்கிறான். உனக்கு வேண்டியது என்ன என்று கேட்கிறான்.